அந்த ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுடாதீங்க

2019-ல நடந்தது. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக, அதாவது துணி வாங்கும் பையர்களின் ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கர்ப்பத்தின் நாலாம் மாசம் முடியும்போது ஆபீஸில் விஷயத்தைச் சொன்னேன். வாழ்த்திய ஹெச்.ஆர். மேடமே மறுநாள் கூப்பிட்டு, டைப் அடித்த தாளை நீட்டினார். "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்." கையெழுத்துக்கான இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. "குழந்தை பிறந்ததும் வாங்க, மறுபடி எடுத்துக்கலாம்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தாளோடு வெளியே வந்தேன். கணக்குப் பிரிவு அக்கா படிக்கட்டில் நிறுத்தி, "கண்ணு, அவங்களா நிறுத்தினா உன் காசு போகாது. நீயா எழுதிக் கொடுத்தா போயிரும்" என்றார்.

அன்று ராத்திரி சட்டத்தைத் தேடிப் படித்தேன். அக்கா சொன்னது அப்படியே இருந்தது. 1961 மகப்பேறு நலச் சட்டம், 12-ஆம் பிரிவு: பெரிய ஒழுங்கீனம் இருந்தாலொழிய, கர்ப்ப காலத்தில் வேலையை விட்டு நீக்கினாலும் பேறுகாலப் பணம் வந்தே ஆக வேண்டும். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. இதையெல்லாம் வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். என் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஒரு வரிகூடக் கிடையாது.

ஏன் இப்படி விரட்டுகிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அப்போது மாசச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால், இ.எஸ்.ஐ. என்ற அரசு தொழிலாளர் காப்பீடே அந்தப் பணத்தைக் கொடுத்துவிடும். எனக்கு 24,000. மொத்தமும் கம்பெனி கையிலிருந்து போக வேண்டும். முழுச் சுமையையும் முதலாளி தலையில் வைத்தது சரியில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்காகப் பிள்ளைத்தாச்சியை வெளியே தள்ளுவதா?

ராஜினாமாவுக்குப் பதில் விடுப்பு நோட்டீஸ் எழுதினேன். டாக்டர் சர்டிபிகேட்டை இணைத்து, தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் புகார் கொடுப்பேன் என்று கடைசி வரியில் குறிப்பிட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். அந்த ரோஸ் அட்டை திரும்பி வந்த வாரமே கூப்பிட்டார்கள். 26 வாரச் சம்பளமும் வந்தது. திரும்பிப் போனபோது என் பையர்களை வேறொருவருக்கு மாற்றியிருந்தார்கள். அடுத்த வருஷ இன்கிரிமென்ட்டும் இல்லை. அதற்கு எதிராக என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த 1961 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 26 வாரம் அப்படியே இருக்கிறது.

எனக்கு முந்தின வருஷம், பக்கத்து சீட் தோழிக்கும் இதே தாளை நீட்டியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டாள். குழந்தைக்கு ஏழாம் மாசம் அவள் போன் பண்ணியபோது, "இப்போ வேக்கன்சி இல்லைம்மா" என்றார்களாம்.