ஒரு பாத்திரம் பொட்டலத்தைப் பிரிக்க ஆர்வக்கோளாறு மட்டும் போதுமா?

கேள்வி கேட்டவர்: அரைப்பக்கம்

ஒரு சிறுகதையை எட்டு மாதமாக எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். கதை இதுதான். மாலதி என்று ஒருத்தி. மாடியில் குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது, நூல் கட்டிய ஒரு பொட்டலத்தை அவளிடம் கொடுத்து, "அப்புறம் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். வரவே இல்லை. பதினோரு வருஷம் அது அவள் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கிறது. பன்னிரண்டாவது வருஷம் ஒரு மத்தியானம், "ஆர்வம் தாங்காமல்" பிரித்துவிடுகிறாள். இந்த "ஆர்வம் தாங்காமல்" என் கதையில் இருந்தபடியே எடுத்துப் போட்டது.

நான் எதை எழுதினாலும் முதலில் படிப்பது என் மனைவி. படித்துவிட்டு, "பதினோரு வருஷம் சும்மா இருந்தவள் இன்றைக்கு மட்டும் ஏன் பிரிக்கிறாள்?" என்று கேட்டாள்.

"ஆர்வம்தான். மனித இயல்புதானே."

"அந்த மனித இயல்பு பதினோரு வருஷம் எங்கே போயிருந்தது?"

பதில் இல்லை. காகிதத்தை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

அப்புறம் காரணங்களைத் தேடினேன். மாலதிக்குப் பணக்கஷ்டம் என்று ஒரு வடிவம். அவளே வீடு மாறுகிறாள் என்று இன்னொன்று. பொட்டலத்துக்காரர் இறந்துவிட்ட செய்தி வருகிறது என்று மூன்றாவது. மூன்றையும் முழுதாக எழுதிப் பார்த்தேன், மூன்றிலும் கதை படுத்துவிட்டது. பணத்துக்காகப் பிரித்தால் அவள் மேல் திருட்டு வாடை வருகிறது. வீடு மாறும்போது பிரித்தால் அது சாமான் ஒழிக்கிற வேலை. செத்தவருடைய பொட்டலம் என்றால் கடமை. எனக்கு வேண்டியவள், உள்ளே என்ன என்று தெரிந்துகொள்வதற்காக மட்டுமே பிரிக்கிறவள். அதற்குமேல் ஒரு லாபமும் அவளுக்கு இருக்கக் கூடாது.

ஒரு கதையை நகர்த்த வெறும் ஆர்வம் போதுமா? போதும் என்றால் அதை எப்படி நம்பும்படி எழுதுவது?

கூடவே இன்னொன்று. பழைய கதைகளில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நம் மொழியே அதைக் 'கோளாறு' என்கிறது. அப்படியானால் மாலதியையும் நான் தண்டிக்க வேண்டுமா? முடிவு தெரியாமல் அந்த இடத்தில்தான் நிற்கிறேன்.

ஓரத்து இருக்கை:

தாராளமாகப் போதும். உங்கள் பதிவைப் படிக்கும்போதே எனக்குக் கை அரிக்கிறது. உள்ளே என்ன இருந்தது?

அரைப்பக்கம்:

இரண்டு சட்டை, ஓடாத ஓர் அலாரம் கடிகாரம்.

ஓரத்து இருக்கை:

அவ்வளவுதானா? கேட்டே இருக்கக் கூடாது.

கட்டம்நிரப்பி:

உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. ஆர்வம் என்பது எப்போதும் ஒரே அளவில் எரிந்துகொண்டிருக்கிற விளக்கு இல்லை. தெரியாத விஷயம் உலகத்தில் கோடி இருக்கிறது, அதில் 99 சதவீதத்தைப் பற்றி நமக்கு ஒரு குறுகுறுப்பும் கிடையாது. தெரியாமல் இருப்பது மட்டும் யாரையும் அரிப்பதில்லை. பாதி தெரிந்து பாதி தெரியாமல் இருப்பதுதான் அரிக்கும்.

எனக்குக் குறுக்கெழுத்துப் பைத்தியம் உண்டு. காலையில் வெற்றுக் கட்டத்தைப் பார்த்தால் பேனா எடுக்கவே சோம்பலாக இருக்கும். எல்லாம் நிரம்பி ஒரே ஒரு சொல் மிச்சம் இருக்கும்போது நிலைமையே வேறு. முந்தாநாள் ஐந்தெழுத்து. முதலெழுத்து 'கு', கடைசி எழுத்து 'ம்', குறிப்பு 'மகிழ்ச்சி'. விளக்கை அணைத்துப் படுத்த பிறகு இரண்டு முறை எழுந்து வந்து பார்த்தேன். வெற்றுக் கட்டத்துக்காக யாராவது படுக்கையை விட்டு எழுந்திருப்பார்களா?

ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைத்தான் சொல்கிறார். தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி கண்ணில் படுகிறது, அது பல்லில் சிக்கிய நார்போல உறுத்துகிறது. (பல், நார் எல்லாம் என் சரக்கு. அவர் இடைவெளியோடு நிறுத்திக்கொண்டார்.) பிற்பாடு 2009-இல் அவரும் கால்டெக் என்கிற கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து, விடையை ஊகிக்கச் சொல்லி, ஊகத்தின்மேல் எவ்வளவு நம்பிக்கை, விடையை அறிய எவ்வளவு ஆவல் என்று கேட்டார்கள். சுத்தமாகத் தெரியாத கேள்வியில் ஆவல் குறைவு. உறுதியாகத் தெரிந்த கேள்வியிலும் குறைவு. 'நாக்கு நுனியில் இருக்கிறது, ஆனால் சரியா என்று தெரியவில்லை' என்கிற நடுவாந்தர நிலையில்தான் உச்சம். அந்த ஆவலுக்காகக் காத்திருக்கவும் கையில் இருந்ததைச் செலவழிக்கவும் தயாராக இருந்தார்கள்.

இப்போது மாலதிக்கு வருவோம். அந்தப் பொட்டலம் அவளுக்கு வெற்றுக் கட்டம். அதில் ஓர் எழுத்துகூட இல்லை, பதினோரு வருஷம் சும்மா கிடந்ததில் ஆச்சரியமே இல்லை. உங்கள் குற்றம் அது இல்லை. பன்னிரண்டாவது வருஷம் நீங்கள் அவளுக்கு ஓர் எழுத்து கொடுத்திருக்க வேண்டும். பொட்டலம் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைக் காட்டிக்கொடுக்க வேண்டும், ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு நீங்களே நினைத்தாலும் அவளைத் தடுக்க முடியாது. 'ஆர்வம் தாங்காமல்' என்ற இரண்டு சொல்லையும் அடித்துவிடலாம்.

பழைய பேனா:

கட்டம்நிரப்பிக்கு முதலில்: குதூகலம்.

இந்தச் சொல்லுக்கு ஒரு பூர்வீகம் உண்டு, இந்த இழைக்கும் பொருந்தும். வடமொழியில் 'குதூஹலம்' என்றால் ஆர்வம், என்னவென்று பார்க்கும் ஆவல். தமிழுக்கு வரும் வழியில் அது கும்மாளமாகிவிட்டது. வியாச பாரதத்தில் துர்வாசர் கொடுத்த மந்திரத்தைக் கன்னிப் பெண்ணான குந்தி சொல்லிப் பார்க்கிறாள் அல்லவா, அங்கே காரணமாகச் சொல்லப்படுவது இதிலிருந்து பிறந்த 'கௌதூஹலம்' என்ற சொல்தான். பிள்ளை வேண்டும் என்றோ சூரியன்மேல் ஆசை என்றோ இல்லை. மந்திரம் பலிக்கிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவே. உலகத்தின் மிகப் பெரிய கதைகளில் ஒன்று வெறும் ஆர்வத்தில் ஒரு முடிச்சைப் போட்டுக்கொண்டு ஓடுகிறது. ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பதில், போதும்.

தண்டனை விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். கதைகளை அருகில் போய்ப் பார்த்தால், தண்டனையைப் பல இடங்களில் கதை கொடுப்பதில்லை. சொல்கிறவர் கொண்டுவந்து ஒட்டுகிறார். கிரேக்கப் புராணத்தில் பெட்டியைத் திறந்து உலகத்துக்குத் துன்பங்களை விட்டவள் என்று சொல்கிறார்களே, அந்தப் பண்டோராவை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பாடியதில் பெட்டியே கிடையாது, பெரிய ஜாடி. எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் 16-ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதும்போது அது பெட்டியாக மாறியது. அதைவிட முக்கியம், அவள் ஏன் மூடியை எடுத்தாள் என்று ஹெசியட் சொல்லவே இல்லை. 'திறக்காதே' என்று யாரும் அவளிடம் சொன்னதாகவும் இல்லை. எட்டிப் பார்க்கிற பெண் என்ற பட்டம் பின்னால் வந்தவர்கள் கட்டியது.

1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ வெளியிட்ட நீலத்தாடிக் கதை இன்னும் வேடிக்கை. வெளியூர் போகும் கணவன் சாவிக்கொத்தைக் கொடுத்து, இந்த ஓர் அறையை மட்டும் திறக்காதே என்கிறான். திறக்கக் கூடாது என்றால் அந்தச் சாவியைக் கையோடு கொண்டுபோக வேண்டியதுதானே? அவள் திறக்கிறாள், முந்தைய மனைவிகளின் பிணங்களைப் பார்க்கிறாள், சாவியில் பட்ட ரத்தம் தேய்த்தாலும் போகவில்லை. கடைசியில் அவள் அண்ணன்மார் வந்து அவனைக் கொல்கிறார்கள், சொத்து முழுவதும் அவளுக்கு. அதற்குக் கீழே பெரோ எழுதும் முதல் நீதி என்ன தெரியுமா? பெண்களே, ஆர்வம் ஆபத்து. கொலைகாரனைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கதை ஒன்று சொல்ல, நீதி தன்பாட்டுக்கு வேறெங்கோ போகிறது. (அது கிடக்கட்டும், முதல் மனைவி அந்த அறையைத் திறந்தபோது உள்ளே என்னதான் இருந்திருக்கும்?)

ஆர்வத்துக்குப் பரிசு கிடைத்தவனும் இருக்கிறான். கடோபநிஷத்தில் வரும் சிறுவன் நசிகேதன். யமன் வீட்டில் மூன்று இரவு காத்திருந்து, செத்த பிறகு மனிதன் இருக்கிறானா இல்லையா என்று கேட்கிறான். யமன் யானை தருகிறேன், குதிரை தருகிறேன், நீண்ட ஆயுள் தருகிறேன், இதை மட்டும் கேட்காதே என்று கெஞ்சாத குறை. பையன் அசையவில்லை. அவன் யாருடைய கதவையும் திருட்டுத்தனமாகத் திறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தெரிந்தவரிடமே நேராகப் போய்க் கேட்டான். மாலதிக்குக் கேட்க ஆள் இல்லை. அவள் குந்தி பக்கம்தான்.

மந்திரத்தைச் சொல்லிப் பார்த்ததற்காகக் குந்தியை யாரும் சபிக்கவில்லை, கல்லாக்கவில்லை. தெரிந்த ஒன்றை ஐந்து பிள்ளைகளிடமும் சொல்ல முடியாமல் போர் முடியும்வரை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவன்:

கதை எழுதுகிறவன் இல்லை நான். ஒரு பொட்டலத்தைப் பிரித்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

பதினான்கு வயதில் அக்காவின் நோட்டுப் புத்தகத்தைப் படித்தேன். பச்சை அட்டை, தலையணை உறைக்குள் இருக்கும். ரொம்ப நாளாக அது அங்கே இருப்பது தெரியும், தொட்டதில்லை. ஒருநாள் நான் அறைக்குள் போனபோது எழுதிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் மூடினாள். கட்டம்நிரப்பி சொல்கிற 'ஓர் எழுத்து' எனக்கு அதுதான். என்னைப் பார்த்து ஏன் மூட வேண்டும்? என்னைப் பற்றி எழுதியிருக்கிறாளோ?

எடுத்ததும் அவளுடைய ரகசியங்களை நான் தேடவில்லை. என் பெயரைத் தேடினேன். பக்கம் பக்கமாகப் புரட்டியதில் ஒரே இடத்தில், 'தம்பிக்குக் காய்ச்சல், தூக்கம் இல்லை' என்று இருந்தது. ஏமாற்றமாகிவிட்டது. மிச்சத்தை அந்த ஏமாற்றத்தில்தான் படித்தேன், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் அவள் ஒரு தேர்வுக்குப் படித்துத் தோற்றிருந்தாள்.

அவளுக்கு இன்றுவரை தெரியாது. தண்டனை எப்படி வந்தது என்றால், ஆறேழு வருஷம் கழித்து அவளாகவே ஒருநாள் அந்தத் தேர்வைப் பற்றி என்னிடம் சொன்னாள். முதன்முதலாக ஒருவரிடம் சொல்கிறேன் என்றாள். நான், "அப்படியா?" என்றேன். எத்தனை நேரம் கண்ணை விரித்து வைத்திருப்பது, எந்த இடத்தில் "அப்புறம்?" என்று கேட்பது என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்ததில் அவள் சொன்னதில் பாதி என் காதில் விழவில்லை.

மாலதியை மழையில் நனைத்து நோயில் தள்ளி எல்லாம் எழுதாதீர்கள். அந்த ஆளைத் திரும்பி வரச் சொல்லுங்கள்.

கட்டம்நிரப்பி:

குதூகலம்! 'து' என்று குறிலாக வைத்துக்கொண்டு மற்றச் சொல்லோடு மோதிக்கொண்டிருந்தேன். நன்றி.

சின்னவன் சொன்னதைப் படித்ததும் ஒரு சோதனை நினைவுக்கு வந்தது, 2016-இல் வந்தது. காத்திருக்கிற ஆட்களின் முன்னால் விளையாட்டுப் பேனாக்கள், அழுத்தினால் ஷாக் அடிக்கும் வகை. சிலருக்கு எது அடிக்கும் எது அடிக்காது என்று நிறம் ஒட்டி வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு எல்லாமே ஒரே நிறம், அடிக்கலாம், அடிக்காமலும் இருக்கலாம். இரண்டாவது கூட்டம்தான் அதிகம் அழுத்தியது. ஒரு பைசா லாபம் இல்லாத வேலை. உங்கள் மனைவியிடம் இதைக் காட்டுங்கள். ஆனால் கதைக்கு இது உதவாது, சோதனையில் ஆமாம் என்று வந்ததற்காக வாசகர் நம்பிவிட மாட்டார்.

அரைப்பக்கம்:

மூன்று நாள் பதில் போடாததற்கு மன்னிக்கவும். எழுதிக்கொண்டிருந்தேன்.

'ஆர்வம் தாங்காமல்' போய்விட்டது. இப்போது இப்படி இருக்கிறது. மாலதி அலமாரியைத் துடைப்பதற்காகப் பொட்டலத்தைத் தூக்கி மேஜையில் வைக்கிறாள். வைக்கும்போது உள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம், ஒரே தரம். மறுபடியும் தூக்கி வைத்துப் பார்க்கிறாள், வரவில்லை. சாய்த்துப் பார்க்கிறாள், இல்லை. சைக்கிள் மணியா, பூஜை மணியா, பொம்மையா என்று சாயங்காலம் வரை வேலைகளுக்கு நடுவில் வந்து வந்து ஆட்டிப் பார்க்கிறாள். இருட்டும்போது நூல் மேஜையில் கிடக்கிறது. அவள் எப்போது அவிழ்த்தாள் என்று நான் எழுதவில்லை. மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பாராட்டு.

முடிவு சின்னவனுக்குச் சொந்தம். பதினான்காவது வருஷம் அவர் வருகிறார். அதே நூலில் திரும்பக் கட்டிய பொட்டலத்தை எடுத்துத் தருகிறாள். அவர் அங்கேயே உட்கார்ந்து பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, அது யாருடையது என்று சொல்ல ஆரம்பிக்கிறார். அவள் "ஓ" என்கிறாள். கடிகாரம் வெளியே வரும்போது அவள் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் இன்னும் இரண்டு வரி சரியாக வரவில்லை.

ஓரத்து இருக்கை:

கடிகாரம் ஓடவில்லை, சரி. அலாரம் முள் எத்தனை மணியில் நிற்கிறது?

அரைப்பக்கம்:

ஐயோ. அதை நான் பார்க்கவே இல்லை. இருங்கள், கோப்பைத் திறக்கிறேன்.