இதயத்துக்கு கேத் (தொடை வழியா டியூப் விட்டு செய்யுற சிகிச்சை) பண்ணப்புறம் பாப்பா காலுக்கு ரத்தம் சரியா போகல, உதவி வேணும்

அண்ணா அக்கா வணக்கம், நாங்க பாலக்கோடு பக்கம். பொண்ணுக்கு 11 மாசம், 7 கிலோதான், இதயத்துல பிடிஏ (பிறந்ததும் மூடிக்க வேண்டிய ரத்தக்குழாய் மூடாம இருக்கறது) இருந்துச்சு, போன வாரம் பெங்களூருல தொடை வழியா டியூப் விட்டு அடைச்சாங்க, அது நல்லபடியா முடிஞ்சுது ஆனா அன்னைக்கு ராத்திரியே வலது கால் வெளுத்து சில்லுனு ஆயிடுச்சு, பாதத்துல நாடியே கிடைக்கல, டாப்ளர் (ரத்த ஓட்டம் பாக்குற ஸ்கேன்) பாத்துட்டு ரத்தம் கட்டியிருக்குன்னு ஹெப்பாரின் (ரத்தம் உறையாம இருக்க மருந்து) போட்டாங்க. சின்ன குழந்தைங்களுக்கு ரத்தக்குழாய் மெல்லிசு, இப்படி ஆகலாம்னு டாக்டர் பொறுமையாதான் சொன்னாரு, பெத்த மனசு கேக்குதா. இப்ப கால் சூடு வந்துடுச்சு, நாடி இன்னும் லேசாதான். 12 மணி நேரத்துக்கு ஒருக்கா தோலுக்கடியில எனாக்ஸபரின் ஊசி (இதுவும் ரத்தம் உறையாம இருக்கத்தான்), வீட்டுக்கு வந்து போட நர்ஸ் யாராச்சும் தெரியுமா? குழந்தைக்கு டாப்ளர் தர்மபுரி, கிருஷ்ணகிரியில எங்க எடுக்கலாம்? உங்க பிள்ளைக்கு நாடி திரும்ப எவ்ளோ நாளாச்சு?