அம்மாவுக்கு எந்தப் போன்?

குழு: கொட்டாஞ்சேனை வீட்டுப் பிள்ளைகள்

வசந்தி: அம்மாவின் போன் நேற்றுக் குசினியில் விழுந்து கண்ணாடி வெடித்துவிட்டது. செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறார். சனிக்கிழமை 75வது பிறந்தநாள், அதற்கே புதுசு வாங்கிக் கொடுப்போமா? அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

சுதா: ஐயோ. விரலில் காயமா அக்கா?

வசந்தி: இல்லை.

ரவி: வாங்குவோம். பெரிய திரை. வேறு பேச்சே வேண்டாம்.

சுதா: கமரா நல்லதாக இருக்க வேண்டும் அண்ணா. போன ஆடிவேலுக்கு அம்மா அனுப்பிய படத்தில் தேரே இல்லை, வெறும் வெளிச்சக் கோடு.

பாலா: என் ஓட்டும் கமராவுக்குத்தான்.

சுதா: அத்தான், என் கல்யாண ஆல்பத்தில் மாமியாரின் தலை எங்கே?

பாலா: 1998இல் எடுத்தது. ஃபிலிம் கமரா பிள்ளை, கழுவி வந்த பிறகுதானே பார்க்கலாம்.

மைதிலி: கேக்குக்கு முட்டை போடலாமா மச்சாள்?

ரவி: கொஞ்சம் பொறு மைதிலி. எல்லோரும் இதைப் படியுங்கள். கடைக்காரர் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளப்பது. அம்மாவின் பழைய போன் 5.5 அங்குலம், உயரமும் அகலமும் 16க்கு 9 என்ற விகிதம். இப்போது வரும் 6.5 அங்குலம் பெரும்பாலும் 20க்கு 9. கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டுக்கும் அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீட்டர்தான். உயரம்தான் மூன்று சென்டிமீட்டர் அளவில் கூடுகிறது. 6.8 எடுத்தாலும் அகலம் 71தான் வரும். அதனால் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் கொடுக்க வேண்டும். உயரம் கூடினால் அந்தப் பெரிய எழுத்தில் இன்னும் நாலைந்து வரி சேர்ந்து தெரியும். அம்மா மேலே கீழே தள்ளித் தள்ளித் தேட வேண்டியதில்லை.

சுதா: 👍

பாலா: லிபர்ட்டி பிளாசாவில் பார்க்கலாம்.

கௌசி: ரவி மாமா, அம்மம்மா கமராவைப் படம் எடுக்க மட்டும் பாவிப்பதில்லை. மருந்து அட்டையைப் படம் எடுத்து, இரண்டு விரலால் விரித்துத்தான் திகதியைப் படிப்பார். இன்று காலை வெடிப்புக் கோடு எண்ணின் மேலேயே விழுந்து, 3ஆ 8ஆ என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

ரவி: எனக்கு இது தெரியாதே.

வசந்தி: வந்தால்தானே தெரியும். கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் நடுவில் கடலா கிடக்கிறது?

ரவி: ஞாயிறு வருகிறேன் அக்கா.

வசந்தி: போன ஞாயிறும் சோறு எடுத்து வைத்தோம்.

கௌசி: மெகாபிக்சலைப் பார்த்து ஏமாற வேண்டாம். 50 என்று போட்டிருந்தாலும் சாதாரணமாக நான்கு புள்ளிகளை ஒன்றாக்கி 12.5ஆகத்தான் சேமிக்கும். அம்மம்மாவுக்கு ஓஐஎஸ் வேண்டும். கை நடுங்கும்போது லென்ஸ் எதிர்ப்பக்கம் அசைந்து ஈடுகட்டும். இரவில் எடுக்கும் தேருக்கும் அதுதான் உதவும். அட்டையை ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு மடங்கு பெரிதாக்கினால் எழுத்துத் தெளிவாக வரும், நான் பழக்கிவிடுகிறேன்.

சுதா: நான் இங்கிருந்து வாங்கி அனுப்பட்டுமா?

ரவி: வேண்டாம் சுதா, இங்கே தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனை வாங்குவோம். கடையில் *#06# அடித்தால் அந்தப் போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். ஆங்கிலத்தில் ஐஎம்இஐ என்று எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவு உண்டா என்று பதில் வரும். அதைப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

சுதா: சரி, என் பங்கை இன்றே போடுகிறேன். முழுக்காசும் நானே தரவும் முடியும்.

வசந்தி: எல்லோரும் சேர்ந்துதான். இது ஒருவர் பெயரில் போக வேண்டாம்.

மைதிலி: கேக்?

கௌசி: அம்மம்மா பக்கத்திலிருந்து சொல்கிறார், கையில் பிடித்துப் பார்க்காமல் ஒன்றும் வாங்க வேண்டாமாம். கோயிலுக்குக் கொண்டுபோகும் சின்னப் பைக்குள் அது போக வேண்டுமாம்.

வசந்தி: கௌசி! சொல்லாதே என்றேனே.

கௌசி: நான் சொல்லவில்லை அம்மா. நீங்கள் அறையில் கதைத்ததைக் கேட்டிருக்கிறார்.

ரவி: பை எவ்வளவு நீளம்?

கௌசி: உள்ளே 15 சென்டிமீட்டர்.

ரவி: 6.7 அங்குலப் போன் 16க்கு மேல் வருமே.

பாலா: புதுப் பை வாங்கலாம்.

வசந்தி: அது அப்பா வாங்கிக் கொடுத்த பை.

சுதா: ❤️

ரவி: சரி. வெள்ளிக்கிழமை அம்மாவையும் பையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போவோம். மூன்று மணிக்கு நான் வருகிறேன்.

வசந்தி: வந்த பிறகு சொல்.

மைதிலி: முட்டை இல்லாமலே சொல்லிவிடட்டுமா?