கிராண்ட் பியானோவுக்கு அடியில் சக்கரச் சட்டம் வைப்பது எப்படி? (பாளையங்கோட்டை, கடப்பா கல் தரை)

பாளை டெனர்:
எங்கள் ஆலயத்தில் ஒரு யமஹா சி3 கிராண்ட் பியானோ இருக்கிறது. 186 செ.மீ. நீளம், 320 கிலோ. வெளிநாட்டில் இருக்கும் ஒரு குடும்பம் கொடுத்தது. பாடகர் குழுவை நடத்துகிறவன் என்பதால் அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் என் தலையில்தான்.

சனிக்கிழமை கல்யாணம் என்றால் பியானோவை ஓரத்துக்குத் தள்ள வேண்டும், ஞாயிறு ஆராதனைக்குத் திரும்ப இழுக்க வேண்டும். வாலிபர் சங்கத்துப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து தள்ளுவார்கள். தரை கடப்பா கல். கல்லுக்குக் கல் இருக்கிற இடுக்கில் அந்தச் சின்னப் பித்தளைச் சக்கரம் மாட்டி 'டக்' என்று நிற்கும். போன வாரம் அப்படி நின்றபோது இடது முன்காலில் 'கிறீச்' என்று ஒரு சத்தம் வந்தது. அன்றிலிருந்து தள்ளவே பயமாக இருக்கிறது.

சேகர கமிட்டியில் (சபை நிர்வாகக் குழு) பேசி, வெல்டிங் பட்டறையில் காலுக்கு ஒன்றாக மூன்று கை வைத்த சக்கரச் சட்டம் செய்ய முடிவாகியிருக்கிறது. அளவெடுத்து அப்படியே பற்றவைத்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். என் கேள்வி இரண்டு. இது போதுமா? இத்தனை எடையைத் தூக்கி அதன்மேல் எப்படி உட்கார வைப்பது? காருக்கு வைக்கிற ஜாக்கி உதவுமா? அறுப்பின் பண்டிகைக்குள் முடிக்க வேண்டும்.

கோவைக்காரன்:
எதுக்கு சார் வம்பு? பியானோவை ஒரே இடத்தில் விட்டுவிட்டு, கல்யாணத்துக்கு நாற்காலியைத் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

சுருதி மாமா:
கோவைக்காரர் சொன்னது பாதி நியாயம்தான். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

நான் சென்னையில் முப்பது வருஷமாகப் பியானோ சுருதி சேர்க்கிறவன். தம்பி, முதலில் அந்த 'கிறீச்'. கிராண்ட் பியானோவின் கால் நேராக மேலிருந்து எவ்வளவு எடை இறங்கினாலும் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. மேலே ஒரு தகட்டிலும் இரண்டு மூன்று போல்ட்டிலும் மாட்டி நிற்கிற கட்டை அது, அவ்வளவுதான். சக்கரம் இடுக்கில் நின்றுவிட்டு மேலே ஆறு பேர் தள்ளினால், அந்தத் தள்ளு முழுக்கக் காலின் தலையில் போய் விழும். நகரத்தில் ஒரு மண்டபத்தில் இப்படித்தான் முன்கால் உடைந்து பியானோவின் மூலை தரையில் இறங்கியது. கீ வரிசைக்கு அடியில் இருக்கிற பலகை பிளந்துவிட்டது. அங்கே நின்றவர் காலை இழுத்துக்கொண்டார், நல்ல நேரம்.

அதனால் காலுக்கு ஒன்றாகத் தனித்தனிச் சக்கரக் கிண்ணம் விற்கிறார்களே, அது வேண்டாம். சக்கரம் பெரிதாவதைத் தவிர அதில் ஒன்றும் மாறாது. மூன்று காலையும் இரும்பால் ஒன்றாகக் கட்டுகிற சட்டம்தான் வேண்டும். அப்போது இழுப்பை இரும்பு வாங்கிக்கொள்ளும், காலுக்கு எடை மட்டும் மிஞ்சும்.

ஆனால் அளவெடுத்து அப்படியே பற்றவைக்க விடாதீர்கள். முதல் கால் உட்காரும், இரண்டாவதும் உட்காரும், மூன்றாவது கால் ஒரு செ.மீ. தள்ளி நிற்கும். அப்போது ஆளாளுக்குக் காலைப் பிடித்து இழுப்பார்கள். கை ஒவ்வொன்றும் குழாய்க்குள் குழாயாக நீண்டு சுருங்க வேண்டும், போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

உயரமும் முக்கியம். கையின் முனையில் கால் உட்காருகிற கிண்ணத்தைச் சக்கரத்துக்கு மேலே வைத்தால் பியானோ 12, 13 செ.மீ. ஏறிவிடும். வாசிக்கிறவருக்குத் தோள் தூக்கிக்கொள்ளும், பெடலுக்குக் கால் அந்தரத்தில் நிற்கும். கிண்ணம் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் தொங்க வேண்டும், தரையிலிருந்து 3 செ.மீ. போதும்.

ஈரோடு பட்டறை:
மாமா சொல்வது சரி. நான் இதுவரை பியானோவுக்குச் செய்ததில்லை, மெஷின் நகர்த்துகிற சட்டம் நிறையச் செய்திருக்கிறேன். வெளிக்குழாய் 50 மி.மீ. ஸ்கொயர் பைப், உள்ளே வழுக்கிப் போகிற மாதிரி 40. சக்கரம் 75 மி.மீ., பாலியூரிதேன், பிரேக் வைத்தது, கைக்கு இரண்டு வீதம் ஆறு. கறுப்பு ரப்பர் வேண்டாம், கல்லில் கறை பிடிக்கும்.

ஒரு யோசனை. கிண்ணத்துக்கு நாலு பக்கமும் விளிம்பு வைத்தால், அந்த விளிம்பைத் தாண்டும் உயரத்துக்குக் காலைத் தூக்க வேண்டியிருக்கும். கை உள்ளேயிருந்து வெளியேதானே நீள்கிறது, அதனால் வெளிப்பக்கத்தைத் திறந்தே விடச் சொல்லுங்கள். கால் உட்கார்ந்த பிறகு ஒரு பட்டையைப் போல்ட் போட்டு மூடிவிடலாம். தூக்க வேண்டியது நாலு செ.மீ.தான். அடியில் ஒரு தோல் துண்டு போட மறக்க வேண்டாம்.

பாளை டெனர்:
ரொம்ப நன்றி. திறந்த கிண்ணம் பட்டறைக்காரருக்கே பிடித்துவிட்டது. இப்போது தூக்குகிற விஷயம்?

சுருதி மாமா:
ஈரோட்டுத் தம்பியின் கிண்ணம் அருமை, எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ஜாக்கி தாராளமாக வைக்கலாம், ஹைட்ராலிக்காக இருக்கட்டும். காரோடு வருகிற கத்தரி ஜாக்கி வேண்டாம். பையன்களும் தூக்குவார்கள்தான், ஒரு மூலைக்கு நூறு கிலோவுக்குப் பக்கம் வரும். ஆனால் நடுவில் ஒருவன் சிரித்தால் எல்லோரும் சிரிப்பார்கள். ஜாக்கி சிரிக்காது.

மூடியை இறக்கி, நோட்டு வைக்கிற தட்டைக் கழற்றி, கீ மூடியையும் மூடிவிடுங்கள். ஆறு பிரேக்கையும் போட்டு, சட்டத்தைக் கை சுருக்கி அடியில் வையுங்கள். முன்கைகள் பெடல் தொங்குகிற லையரில் இடிக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். காலின் போல்ட்டுகளையும் இறுக்குங்கள், தூக்குவதற்கு முன்னால்.

பியானோவுக்கு அடியில் படுத்துப் பார்த்தால் தடிமனான உத்திரங்கள் தெரியும். ஜாக்கி அந்த உத்திரத்தில்தான், காலுக்குப் பக்கத்தில் முட்ட வேண்டும். உத்திரங்களுக்கு இடையில் மெல்லிசாகத் தெரிகிற பலகைதான் சவுண்ட்போர்டு. அதில் முட்டினால் பியானோ போச்சு. ஜாக்கிக்கு உயரம் எட்டாது. அகலமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி மேடை கட்டுங்கள், செங்கல் கூடாது. ஜாக்கிக்கும் உத்திரத்துக்கும் நடுவில் ஒரு கட்டை, மேலே மடித்த கம்பளித்துணி. பக்கத்திலேயே இன்னொரு அடுக்கு இருக்கட்டும், உத்திரத்துக்கு ஒரு விரல் கீழே. ஜாக்கி நழுவினால் பியானோ அதில் நிற்கும்.

வால் பக்கத்துக் காலில், அதாவது குறுகலான பின்முனைக் காலில், தொடங்குவது என் பழக்கம். நாலு செ.மீ. ஏற்றி, கையை நீட்டிக் கிண்ணத்தைக் காலுக்கு அடியில் தள்ளி, மெதுவாக இறக்கி, பட்டையை மூடுங்கள். பிறகு அடுத்த கால். மூன்றும் உட்கார்ந்த பிறகுதான் கைகளின் போல்ட்டை இறுக்க வேண்டும். ஏற்று, இறக்கு என்று சொல்கிற குரல் ஒன்றாகவே இருக்கட்டும். கிண்ணத்தைக் கட்டையால் தள்ளுங்கள், காலுக்கு அடியில் ஒருவர் விரலும் போகக்கூடாது.

நகர்த்தும்போது உடம்பைப் பிடித்துத் தள்ளுங்கள், காலை அல்ல. இது தரைக்கு மட்டும். பீடத்துப் படியில் ஏற்ற நினைத்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

பாளை டெனர்:
நேற்று முடித்துவிட்டோம். ஒன்றரை மணி நேரம் ஆனது, அதில் ஒரு மணி நேரம் கட்டை அடுக்கியதுதான். எங்கள் போதகர் ஐயர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுத் தூரமாகப் போய் நின்றுகொண்டார்.

போல்ட்டை இறுக்கப் போனபோதுதான் இடது முன்காலின் ரகசியம் தெரிந்தது. தகட்டுக்கும் காலுக்கும் நடுவில் யாரோ காகிதத்தை மடித்துச் சொருகியிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் 2011 அறுப்பின் பண்டிகை நோட்டீஸ். ஆசன விருந்து நேரம்கூட வாசிக்க முடிகிறது. அந்தப் பக்கத்து போல்ட் ஒன்று கையாலேயே கழன்று வந்தது.

பியானோ 3 செ.மீ. ஏறியதில் பெடலுக்குக் குதிகால் தூக்குகிறது. ஒரு பலகை அறுத்து வைத்திருக்கிறேன். மாமா, அந்த இடத்தில் காகிதத்துக்குப் பதில் என்ன வைக்கலாம்?

சுருதி மாமா:
மெல்லிய மேப்பிள் அல்லது தேக்குச் சீவல். முதலில் புது போல்ட் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சீவலே வேண்டியிருக்காது.