சைட்டோகைனுக்குத் தமிழ்: ‘நோயெதிர்ப்பூக்கி’ வேண்டாமே

அன்பு நண்பர்களுக்கு, வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இழையை இப்போதுதான் உட்கார்ந்து முழுதும் படித்தேன். செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் சிறு புரதமான சைட்டோகைனுக்கு இதுவரை ‘நோயெதிர்ப்பூக்கி’, ‘வெள்ளணுச் சுரப்பு’, ‘கலவியக்கி’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் ஒரே ஒரு நோயின் மேல் உரசிப் பார்க்கிறேன்: ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்.

> நோயெதிர்ப்பைத் தூண்டுவதுதானே இதன் வேலை? சொல்லிலேயே அது தெரிந்தால் நல்லது.

உண்மையாக இருந்தால் நல்லதுதான். தாமஸ் ஹாட்ஜ்கின் 1832-இல் லண்டனில் விவரித்த நோய் இது. கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டி, பெரும்பாலும் வலியில்லாமல் வீங்கும். அந்தக் கட்டியை நுண்ணோக்கியில் வைத்தால் புற்றணுவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆந்தை விழிப்பது போல இரட்டைக் கருவோடு தெரியும் ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் டி செல், இயோசினோஃபில், பிளாஸ்மா செல், மேக்ரோஃபேஜ் என்று உடம்பின் சொந்தக் காவல்படை. கல்யாண மண்டபத்தில் வீட்டுக்காரர் இரண்டு பேர், மற்றவர்களெல்லாம் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவர்கள் என்பது போல.

அழைப்பதும் அந்தப் புற்றணுதான். அது சுரக்கும் சி.சி.எல்.17 என்ற சைட்டோகைன் டி செல்களை இழுத்து வருகிறது. இன்டர்லூகின்-5 என்ற இன்னொரு சைட்டோகைன் இயோசினோஃபில்களைப் பெருக்குகிறது. இன்டர்லூகின்-13-ஐத் தானே சுரந்து, தன் ஏற்பியில் தானே வாங்கி, அதன் பலத்தில் வளர்கிறது. வந்த கூட்டம் தன் மேல் பாய்ந்துவிடக் கூடாதே! அதற்கு டி.ஜி.எஃப். பீட்டா, சில கட்டிகளில் இன்டர்லூகின்-10 என்று அடக்கி வைக்கும் சைட்டோகைன்களும் கைவசம் உண்டு. நோயாளிக்கு வரும் காய்ச்சலிலும் இரவு வியர்வையிலும்கூட இந்தச் சுரப்புகளுக்குப் பங்கு இருக்கிறது.

இப்போது வாக்கியம் எழுதிப் பாருங்கள்: ‘புற்றணு நோயெதிர்ப்பூக்கியைச் சுரந்து நோயெதிர்ப்பை அடக்குகிறது.’ படிக்கிற மாணவர் புத்தகத்தை மூடிவிடுவார்.

‘வெள்ளணுச் சுரப்பு’ இந்த இடத்தில் தப்பித்துவிடும். ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல் பி செல் வழி வந்தது என்பதால் வெள்ளணுக் குடும்பம்தான். ஆனால் அதே கட்டியில் இருக்கும் நார்த்திசுச் செல்களும் இயோசினோஃபிலை ஈர்க்கும் புரதத்தைச் சுரக்கின்றனவே, அவை வெள்ளணு இல்லையே. ஆங்கிலத்திலும் இதே வழுக்கல் நடந்திருக்கிறது. 1969-இல் லிம்போசைட் என்ற வெள்ளணு வகை சுரப்பது என்று ‘லிம்ஃபோகைன்’ என்றார்கள். பிற செல்களும் சுரக்கின்றன என்று தெரிந்த பின் 1974-இல் ஸ்டான்லி கோஹெனும் உடன் ஆய்ந்தவர்களும் ‘சைட்டோகைன்’ என்று பொதுவாக்கினார்கள். அவர்கள் திருத்திக்கொண்ட பிழையை நாம் முதலிலிருந்து செய்வானேன்?

அடுத்து ‘கலவியக்கி’. கலம் + இயக்கி. புணர்ச்சி விதியில் குற்றமே இல்லை. ஆனால் வகுப்பில் அதை உரக்க வாசிக்கப்போகும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள், ஐயா. கடைசி பெஞ்சு சும்மா இருக்காது. ‘உயிரணுவியக்கி’யும் சரிவராது, விளம்பரங்கள் புண்ணியத்தில் ‘உயிரணு’ என்றாலே பலருக்கு விந்தணுதான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை கலத்தூது. இலங்கைப் பாடநூல்களில் செல் என்பது கலம்தான். கிரேக்க மூலமான ‘கைட்டோஸ்’ என்பதற்கும் உள்ளீடற்ற பாத்திரம் என்றே பொருள். நம் மண்கலம், பொற்கலம் போல. தமிழ்நாட்டு வழக்குப்படி ‘செல்தூது’ என்று போட்டால் வாட்ஸ்அப் செய்தி என்று நினைத்துக்கொள்வார்கள். தூது என்ற சொல்லில் நல்லது கெட்டது கிடையாது. யாரும் அனுப்பலாம், சமாதானத்துக்கும் அனுப்பலாம், படை திரட்டவும் அனுப்பலாம். ‘புற்றணு கலத்தூது அனுப்பி டி செல்களை வரவழைக்கிறது’ என்று எழுதினால் விளக்கம் தனியாகத் தேவைப்படாது.

> தூது ஆர்.என்.ஏ. ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா?

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அந்தத் தூது செல்லுக்குள்ளேயே கருவிலிருந்து ரைபோசோம் வரை போவது. இது செல்லை விட்டு வெளியே போவது. ‘கலம்’ என்ற முன்னொட்டு போதும் என்று நினைக்கிறேன். போதாது என்பவர்கள் ‘கலத்தூதுப் புரதம்’ என்று நீட்டிக்கொள்ளட்டும்.

அப்புறம், சி.சி.எல்.17 போலச் செல்களை ஈர்த்து வரும் சைட்டோகைன் வகையான கீமோகைனுக்கு ‘ஈர்தூது’ சரியாக அமைகிறது. இன்டர்லூகினை மட்டும் எண்ணோடு அப்படியே விட்டுவிடுவோம். நானும் முயன்றேன்: வெள்ளைக் கலங்களின் தூது, அதாவது ‘வெண்கலத்தூது’. எழுதிப் பார்த்ததும் வெண்கலப் பாத்திரக் கடை வாசலில் நிற்பது போல இருந்தது.

இன்டர்லூகின்-13 போலத் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வதற்குத்தான் சொல் கிடைக்கவில்லை. ‘தன்னேவல்’ என்று எழுதினேன். பில்லி, சூனியம், ஏவல் வரிசையில் போய் நின்றது. ‘தன்தூது’ என்று புணர்ச்சி இல்லாமல் எழுதலாமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.