கூர்ஸ் ஃபீல்டில் ஹோம் ரன் குறைந்தது: காரணம் பந்து வைக்கும் அறையா, காற்றா?

மைல்உயரம்:
அமெரிக்காவின் டென்வர் நகரத்துப் பேஸ்பால் மைதானம் கூர்ஸ் ஃபீல்ட். அங்கே விழும் ஹோம் ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி) பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்த ஹியூமிடாரைத்தான், அதாவது பந்து வைக்கும் ஈரப்பத அறையைத்தான், இழுக்கிறார்கள். 2002இல் பந்துகளை ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறையில் வைத்தார்களாம், ஹோம் ரன் குறைந்துவிட்டதாம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மைதானம் ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களில் இருப்பதில் சுமார் 82 சதவீதம்தான். பறக்கும் பந்தை இழுத்துப் பிடிக்கக் காற்று போதாது. சுழலும் பந்தை வளைக்கவும் போதாது. அதனால் வளைந்து வருவதற்காகச் சுழற்றி வீசும் கர்வ் பால் வளைய வேண்டிய அளவு வளையாமல் நேராகப் பேட்டுக்கே வந்து சேரும். இந்த இரண்டையும் எந்த அலமாரியும் மாற்றாது.

1999இல் அந்த ஒரு மைதானத்தில் மட்டும் 303 ஹோம் ரன். சரி, எல்லா அணியும் ஆடும் மேஜர் லீக்கின் மொத்தக் கணக்கைப் பாருங்கள்: 2000இல் 5,693, 2010இல் 4,613. ஊக்கமருந்துச் சோதனை வந்தபின் ஊரெங்கும் விழுந்தது, டென்வரிலும் விழுந்தது. இதில் அறைக்கு என்ன பெருமை?

தையல்108:
வசதியான இரண்டு ஆண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டீர்கள். 2000 உச்சம், 2010 பள்ளம். சராசரி எடுங்கள். 1995 முதல் 2001 வரை லீக்கில் ஓர் அணி ஓர் ஆட்டத்துக்கு சுமார் 1.08 ஹோம் ரன். 2002 முதல் 2010 வரை சுமார் 1.04. வீழ்ச்சி 4 சதவீதம் தேறும். அதே இரண்டு காலத்தில் கூர்ஸ் ஃபீல்டில் ஆட்டத்துக்கு (இரு அணியும் சேர்த்து) 3.20 என்பது 2.39 ஆனது. அது 25 சதவீதம். மருந்துச் சோதனை டென்வர்காரர்களை மட்டும் தேடிப் பிடித்து அடித்ததா?

உயரம் மாறவில்லை, காற்றும் மாறவில்லை. பந்து மாறியது. நடுவில் தக்கையும் ரப்பரும் சேர்ந்த உருண்டை, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய கம்பளி நூல், வெளியே 108 இரட்டைத் தையல் போட்ட மாட்டுத்தோல். கம்பளியும் தோலும் ஈரம் உறிஞ்சும். டென்வரின் வறண்ட காற்றில் சும்மா கிடந்த பந்து காய்ந்து, சுருங்கி, எடை குறைந்து, கல் மாதிரி இறுகியது. மைதானத்து மின்பணியாளர் ஒருவர் வேட்டைக்குப் போன இடத்தில் தன் தோல் பூட்ஸ் காய்ந்து சுருங்கியதைப் பார்த்து, பந்துக்கும் இதே கதிதானே என்று யோசித்ததில் பிறந்ததுதான் அந்த அறை. உள்ளே வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட் (21 செல்சியஸ்), ஈரப்பதம் 50 சதவீதம் என்று வைத்தார்கள்.

காத்துவாக்கு:
ரெண்டு பேரும் வானத்தைப் பாக்கவே மாட்டீங்களா? 1979 மே 17, சிகாகோ ரிக்லி ஃபீல்ட். காத்து வெளிப்பக்கமா அடிச்சுது. பிலடெல்பியா அணி 23, உள்ளூர் கப்ஸ் அணி 22. ஒரே ஆட்டத்துல 11 ஹோம் ரன். எந்த அறைங்க அதைப் பண்ணுச்சு? பந்து போற பக்கமா மணிக்கு ஒரு மைல் காத்து கூடினா தூரத்துல சுமார் மூணு அடி கூடும்னு வெச்சுக்கலாம். 10 மைல் காத்துன்னா 30 அடி. வேலிக்கு முன்னாடி கேட்ச் ஆக வேண்டியது கேலரில போய் விழும்.

வெப்பமும் அப்படித்தான், ஆனா மெதுவா. 10 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறினா உயரமா நல்லாத் தூக்கி அடிச்ச பந்துக்கு மூணு அடி சொச்சம் கூடும். 2023ல டார்ட்மவுத் ஆளுங்க போட்ட ஆய்வுல, 2010லேர்ந்து 500க்கு மேல ஹோம் ரன் புவி சூடானதால கூடுதலா வந்ததுன்னு கணக்குக் காட்டினாங்க. மொத்தத்துல அது ஒரு சதவீதம்தான், அதையும் சொல்லிடறேன்.

இன்னொண்ணு. டிவில வர்ணனை பண்றவங்க "இன்னைக்குப் புழுக்கம், காத்து கனமா இருக்கு, பந்து போகாது"ன்னு அளக்கறாங்க. தப்பு. நீராவி மூலக்கூறோட எடை 18, வறண்ட காத்தோட சராசரி 29. ஈரக் காத்து லேசு. அதுல பந்து ஒரு துளி அதிகமாத்தான் போகும்.

மைல்உயரம்:
காத்துவாக்கு அண்ணன் சொன்னது சரி. அதையே பிடித்துக்கொண்டு தையலாரிடம் கேட்கிறேன். கொலராடோ பல்கலைக்கழகத்து மேயர், போன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008இல் 30 சதவீத ஈரத்தில் வைத்த பந்தையும் 50 சதவீதத்தில் வைத்த பந்தையும் அளந்து, பறக்கும் பாதையைக் கணக்குப் போட்டார்கள். ஈரப் பந்துதான் சுமார் இரண்டு அடி அதிகம் போகும் என்று வந்தது. கனமான பந்தைக் காற்று அவ்வளவு எளிதில் நிறுத்த முடியாது. இதன்படி ஹியூமிடார் ஹோம் ரன்னைக் கூட்டியிருக்க வேண்டும்!

தையல்108:
அந்த ஆய்வு பேட்டைவிட்டுப் பந்து கிளம்பிய பிறகு நடப்பதை மட்டும் பார்த்தது, அதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். கிளம்பும் வேகம் இரண்டு பந்துக்கும் ஒன்று என்று வைத்துக்கொண்டால் அந்த விடைதான் வரும். ஆனால் கிளம்பும் வேகமே ஒன்றில்லை என்பதுதான் விஷயம்.

பேட்டில் பட்ட கணத்தில் பந்து நசுங்கி, மறுபடி விரிந்து, பாய்கிறது. மோதிய வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தோடு திரும்புகிறது என்பதுதான் துள்ளல் கெழு. மேஜர் லீக் பந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் மரச்சுவரில் மோதினால் 0.514க்கும் 0.578க்கும் இடையில் இருக்கவேண்டும். ஈரம் ஏறிய கம்பளி மெத்தென்று ஆற்றலை விழுங்கிவிடுகிறது, கெழு இறங்குகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்து ஆலன் நேதனும் கூட்டாளிகளும் 2011இல் இந்த மோதலையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். 30லிருந்து 50 சதவீதம் போனால் கூர்ஸில் ஹோம் ரன் சுமார் 27 சதவீதம் குறையவேண்டும் என்று வந்தது. நிஜத்தில் குறைந்ததோ 25 சதவீதம். பாலைவன ஊரான ஃபீனிக்ஸில் அறை வைத்தால் 37 சதவீதம் குறையும் என்று அதே கட்டுரையில் முன்கூட்டியே எழுதினார்கள். அங்கே அறை வந்தது 2018இல்தான்.

ஆக ஒரே ஈரப்பதத்துக்கு இரண்டு முகம். காற்றில் இருந்தால் பந்துக்கு அற்ப உதவி, பந்துக்குள் இருந்தால் பெரிய இடைஞ்சல். கிரிக்கெட் பந்திலும் தக்கை, கம்பளி நூல், தோல்தானே. பனி விழுந்த இரவில் அது சப்பென்று ஆவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

காத்துவாக்கு:
அப்போ திருட்டுத்தனம் பண்ண நல்ல வழின்னு சொல்லுங்க. பண்ணவும் செஞ்சாங்க. 60கள்ல சிகாகோ வைட் சாக்ஸ் மைதானக் காப்பாளர் ஜீன் பொசார்ட், பழைய ஸ்டேடியத்துக் கீழ ஒரு ஈர அறைல பந்தை 10, 14 நாள் போட்டு வெப்பாராம். கால் அவுன்ஸ்லேர்ந்து அரை அவுன்ஸ் எடை ஏறிடும்னு அவரு மகன் ரோஜர் பிற்பாடு சொன்னாரு. விதிப்படி பந்து 5லேர்ந்து 5.25 அவுன்ஸ். 5 அவுன்ஸ் பந்து கால் அவுன்ஸ் ஏறினாலும் சட்டத்துக்குள்ளயே நிக்குது பாருங்க, கில்லாடி.

2010ல எதிர்ப் புகார். டென்வர்காரங்க தாங்க பேட் பண்றப்போ அறைல வெக்காத பந்தைக் கலக்கறாங்கன்னு சான் பிரான்சிஸ்கோ அணி பக்கம் சந்தேகம். அப்புறம் பந்து அறையைவிட்டு வர்றதையே அம்பயருங்க கண்காணிக்கணும்னு லீக் உத்தரவு போட்டுச்சு.

மைல்உயரம்:
மோதல் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். வறண்ட டென்வருக்கும் ஃபீனிக்ஸுக்கும் அது பொருந்தும். ஆனால் அதை எல்லா ஊருக்கும் இழுக்காதீர்கள். 2022இல் 30 மைதானத்திலும் ஹியூமிடார் கட்டாயம்: 57 சதவீதம், கூர்ஸுக்கு மட்டும் 65. ஈரமான ஊர்களில் பந்து முன்பைவிடக் காய்ந்து ஹோம் ரன் ஏறியிருக்க வேண்டும். ஆனால் லீக் மொத்தம் 2021இல் 5,944, 2022இல் 5,215. இதற்கு என்ன பதில்?

தையல்108:
அந்த வீழ்ச்சியை ஹியூமிடாரின் தலையில் கட்ட எனக்கும் விருப்பமில்லை. பத்து அணிகளிடம் 2021லேயே அறை இருந்தது. தொழிற்சாலைப் பந்தே ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2019இல் 6,776 ஹோம் ரன் வந்தபோது லீக் அமைத்த நிபுணர் குழு, உயர்வில் 60 சதவீதம் பந்தின் மேல் காற்று இழுக்கும் விசை குறைந்ததால், 40 சதவீதம் பேட்டர்கள் அடிக்கும் விதம் மாறியதால் என்றது. தையலின் உயரத்தில் தலைமுடிப் பருமனைவிடக் குறைந்த வித்தியாசமே இழுவையை மாற்றப் போதும். இழுவையை எந்த அறையாலும் சரிசெய்ய முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்: அதே பந்து, அதே ஊர், வைத்த இடம் மட்டும் வேறு என்றால் தூரம் மாறும்.

உப்புப்பெட்டி:
வாதம் போதும், சோதித்துப் பாருங்கள். ஒரே பெட்டியில் வந்த 12 பந்து, இறுக மூடும் இரண்டு பிளாஸ்டிக் டப்பா. ஒன்றில் சமையல் உப்பில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு ஈரமணல் பதத்தில் கிண்ணத்தில் வையுங்கள். உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். மற்றதில் அதே பதத்தில் மக்னீசியம் குளோரைடு, 33 சதவீதம். உப்பின் மேல் தண்ணீர் தெளிந்து நின்றால் கெட்டது, எண் ஏறிவிடும். பந்து உப்பைத் தொடக்கூடாது, கம்பி வலைமேல் இருக்கட்டும்.

0.1 கிராம் காட்டும் தராசில் தினம் ஒரே நேரத்தில் எடை போடுங்கள். தோல் சீக்கிரம் ஈரம் வாங்கிவிடும், உள்நூலுக்கு நாளாகும். அதனால்தான் லீக்கிலும் குறைந்தது 14 நாள் என்கிறார்கள். நாலாம் நாளே எடுத்துவிட்டு "வித்தியாசமே இல்லை" என்று எழுதாதீர்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் எடை அசையாதபோது, 2 மீட்டர் உயரத்திலிருந்து தையல் படாமல் தோல் படும்படி விடுங்கள். பின்னால் அளவுகோல், மொபைலில் ஸ்லோமோஷன். பந்துக்குப் பத்து முறை. எழும்பிய உயரத்தை 2 மீட்டரால் வகுத்து வர்க்கமூலம்: 64 செ.மீ. என்றால் 0.57. பிறகு டப்பாக்களை மாற்றி மறுபடி இரண்டு வாரம், அப்போதுதான் பந்துக்குப் பந்து உள்ள வேறுபாடு கழியும்.

மைல்உயரம்:
2 மீட்டரிலிருந்து விழும் பந்து தரையைத் தொடுவது மணிக்கு 22 கிலோமீட்டரில். ஆட்டத்தில் வீசிய பந்தும் பேட்டும் மோதும் வேகம் 250க்கு மேல். இதை வைத்து ஹோம் ரன் தூரம் சொல்லமுடியாது.

உப்புப்பெட்டி:
தூரம் சொல்லவரவில்லை. எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும், அதற்குப் போதும். டைல்ஸ் தரையில் மட்டும் செய்யாதீர்கள். அடியில் பொள்ளல் இருந்தால் துள்ளலைத் தரையே விழுங்கிவிடும், பந்தைக் குறை சொல்வீர்கள். சிமெண்ட் தரைதான் சரி.