60-க்கு மேல் பின் ஆக்ஸிலில் ஊளைச் சத்தம், கிரவுன் செட்டா பேரிங்கா?

கப்பலூரான்:
பின்சக்கர டிரைவ் டீசல் வண்டி, 1,40,000 கி.மீ. ஓடியிருக்கு. 60-ஐத் தாண்டினா பின்னாடி 'ஊ...'ன்னு ஒரே சீரா ஊளை. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா கூடுது, லேசா மிதிச்சா அடங்குது. டயர் புதுசு. பட்டறையில திறந்து பார்க்காமலே கிரவுன் பினியன் செட்டை (ஷாஃப்ட்டோட சுழற்சியைப் பின்சக்கரத்துக்குத் திருப்புற பல்சக்கர ஜோடி, அதுல சின்னது பினியன்) மாத்தச் சொல்றாங்க. அதுக்கு முன்னாடி என்னண்ணே பார்க்கலாம்?

பழைய ஸ்பேனர்:
தம்பி, முதல்ல சத்தம் எங்கேன்னு பிரிங்க. ரிங் ரோடு காலியா இருக்கிற நேரத்துல 4-வது கியர்ல 60, அப்புறம் 5-ல அதே 60. சத்தம் மாறலைன்னா கியர்பாக்ஸ் இல்ல, பின்னாடிதான். வண்டியை மெதுவா இடம் வலமா ஒடிச்சுப் பாருங்க. சக்கர பேரிங்னா ஒரு பக்கம் ஒடிக்கும்போது கூடும். அது 'கொர்ர்'னு உறுமும், ஊளையிடாது. தார் ரோட்டுலயும் சிமெண்ட் ரோட்டுலயும் வேற வேற மாதிரி கேட்டா டயர்.
மிதிக்கும்போது ஊளைன்னா ஆயில் குறைவு, இல்ல பல் தேய்மானம். திரும்பும்போது மட்டும்னா உள்ளே இருக்கிற சின்ன பல்சக்கரங்கள். காலை எடுத்தா கூடுதுன்னா பினியன் பேரிங் தளர்ச்சியைத்தான் முதல்ல சந்தேகப்படணும். சக்கரம் ஒரு சுத்து சுத்தினா பினியன் ஏறக்குறைய நாலு சுத்து. அதான் பேரிங் போனாலும் கீச்சுக்குரல்.

வைகைக்கரை:
ஆயிலைப் பார்க்காம எதையும் கழட்டாதீங்க. ஊத்துற பிளக்கை முதல்ல திறங்க. அது இறுகிக் கிடக்கும்போது கீழே வடிச்சிட்டா வண்டி அங்கேயே நிக்கும். சமதளத்துல நிறுத்தி, ஓட்டையில விரலை விட்டா கீழ் விளிம்புல ஆயில் தட்டணும். வடிகால் பிளக் காந்தத்துல மை மாதிரி கறுப்புப் பசை இருந்தா சாதாரணம். நகம் அளவு செதில் ஒட்டியிருந்தா பல்லோ பேரிங்கோ உதிருது.
ஆயில் பால் டீ நிறமா வந்தா உள்ளே தண்ணி. மழையில கர்டர் பாலத்து அடியில தேங்குற தண்ணியில சூடான ஆக்ஸில் முங்கினா உள்காத்து சுருங்கி, பிரீதர் (ஆக்ஸில் காத்து போய்வர்ற சின்ன துவாரம்) வழியாவும் சீல் வழியாவும் தண்ணியை இழுக்கும். பிரீதர் மண்ணடைச்சிருந்தா அழுத்தம் ஏறி பினியன் சீல் கசியும், ஆயில் குறையும், ஊளை வரும். கையேட்டுல வேற சொல்லலைன்னா 80டபிள்யூ-90 (ஆயிலோட கெட்டித்தன்மை), ஜிஎல்-5 (கியர் ஆயிலோட தரம்). ஜிஎல்-4 வேண்டாம், ஹைப்பாய்டு பல் (ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கி உரசுற பல்) தாங்காது.

கப்பலூரான்:
ஆயில் ஒரு விரல்கடை கம்மி, செதில் இல்ல. முன்சக்கரத்துக்குக் கல் வச்சு, பின்னாடி ரெண்டு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து, ஷாஃப்ட்டைக் கழட்டிட்டு பினியன் பிளேஞ்சை (ஷாஃப்ட் வந்து மாட்டுற முகப்பு) பிடிச்சு ஆட்டினேன். மேலும் கீழும் ஆடுது. நட்டை இறுக்கினா போதுமா?

பழைய ஸ்பேனர்:
வேண்டவே வேண்டாம். சுத்தும்போது துளி ஆட்டம் பல் இடைவெளி, அது இருக்கும். மேலும் கீழும் ஆடினா பேரிங் பிடி விட்டாச்சு. பல வண்டியில நட்டுக்கு உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒண்ணு உண்டு, ஒரு தடவைதான் நசுங்கும். காத்துக் கன்னால இறுக்கினா மிஞ்சி நசுங்கி, புது பேரிங்கும் காய்ஞ்சு கருகிடும். ரெண்டு பேரிங், சீல், ஸ்லீவ், நட்டு எல்லாம் புதுசா போடச் சொல்லுங்க. பினியன் சுழலத் தேவைப்படுற விசையை டார்க் ரெஞ்சுல அளந்து, கையேட்டு அளவு வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். பழைய பேரிங்குக்கு அடியில இருந்த ஷிம் (இடைவெளி சரிபண்ற மெல்லிய தகடு) தொலைஞ்சிடாம பார்த்துக்குங்க. மூடுறதுக்கு முன்னாடி பல்லுல மார்க்கிங் புளூ (பல் உரசுற தடத்தைக் காட்டுற நீலப் பசை) தடவிச் சுத்தச் சொல்லுங்க. தடம் பல்லு நடுவுல விழுந்தா செட்டு பழசே போதும். பல்லு குழிஞ்சிருந்தா மட்டும் கிரவுனும் பினியனும் ஜோடியா மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தினா திரும்பவும் ஊளைதான்.